இடது பின்மூலை

இசக்கிச்செல்வி அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து மாதமும் இருபத்தெட்டு நாளும் ஆகியிருந்தன. ஆறு மாதம் முடிந்ததும் வேலை நிரந்தரமா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். இரண்டே நாள்தான் பாக்கி.

அதற்கு முன் ஒன்பது வருடம் தூத்துக்குடித் துறைமுகத்தில் வெயிலில் நின்றவள் அவள். கன்டெய்னர் ஏற்றிய லாரி வந்ததும் பெட்டியின் எண்ணையும் கதவில் போட்ட முத்திரையையும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு அந்த வேலை போய்விட்டது. ஆள் ஆளை நெருங்காமல் வேலை நடக்க வேண்டும் என்று ஆரம்பித்த நிர்வாகம், அந்த இடத்தில் ஆளே எதற்கு என்பதில் வந்து நின்றது. வாசலில் மாட்டிய கேமராவே எண்ணைப் படித்துக்கொண்டது. அவளோடு சேர்த்து அங்கே நின்ற பதினோரு பேரில் எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிச்சம் மூன்று பேருக்குப் பரீட்சை வைத்துக் கிரேன் பயிற்சி கொடுத்தார்கள். தேறியவள் செல்வி ஒருத்திதான்.

கிரேன் என்றால் உச்சியில் கூண்டுக்குள் உட்கார்ந்து ஓட்டுவது இல்லை. கிரேன், பெட்டிகளை அடுக்கும் யார்டில் நின்றது. செல்வி ஒரு கிலோமீட்டர் தள்ளி, ஏ.சி. அறையில், ஐந்து திரைகளுக்கு முன்னால் இருந்தாள். நான்கு திரையில் பெட்டியின் நான்கு மூலைகள். ஐந்தாவதில் எடை. இரண்டு கைக்கும் இரண்டு கைப்பிடிகள். எதிர்ச்சுவரில் ஒரு பலகை, யார் மணிக்கு எத்தனை பெட்டி தூக்கினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்படி காட்டிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் பதினாறு, பதினேழு. செல்வி பன்னிரண்டைத் தாண்டியதில்லை.

அன்று ஆடிக் காற்று உப்பளத்துப் பக்கமிருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்தது. பகல் இரண்டரை மணிக்கு மூன்றாவது திரை வெளுத்துப்போனது. உப்பும் தூசியும் கேமராவில் அப்பிக்கொண்டன.

"சார், இடது பின்மூலை தெரியவே இல்ல. மூணாவது தடவ சொல்லுதேன்," என்றாள் செல்வி.

ஷிப்டுப் பொறுப்பாளன் பெனிஸ்டன் அவளைவிட ஐந்து வயது இளையவன். அவனுடைய போன் அன்று காலையிலிருந்து ஓயவில்லை.

"அக்கா, கப்பலுக்கு நாலு மணிக்கு வாசல அடைச்சிருவாங்க. வெளிய இருபத்தி ரெண்டு லாரி நிக்குது. தொடைக்க ஆள ஏத்தணும்னா கிரேன அர மணி நேரம் நிறுத்தணும். மத்த மூணும் தெளிவாத்தான இருக்கு?"

"காத்தும் ஒரு மாதிரியா அடிக்கி சார்."

"பலகையப் பாருங்க அக்கா. இன்னைக்கு ஒம்பதுல நிக்கிதீங்க. நாளைக் கழிச்சு நான்தான் உங்களுக்கு ரிப்போர்ட் எழுதணும்."

அதை அவன் மிரட்டலாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிறவன் குரலில் சொன்னான். அடுத்த லாரி வந்து நின்றது.

பெட்டியை லாரியோடு பிணைக்க நான்கு மூலையிலும் பூட்டு இருக்கும். உள்ளே வருமுன் டிரைவர் இறங்கி நான்கையும் திறந்துவிட வேண்டும். மூன்று மூலையில் பூட்டு திறந்திருந்தது தெரிந்தது. நான்காவது வெள்ளைத் திரை. செல்வி இரண்டு விநாடி தயங்கினாள். பிறகு கைப்பிடியைப் பின்னால் இழுத்தாள்.

ஏட்டில் பெட்டியின் எடை ஒன்பது டன். ஐந்தாவது திரையில் ஒன்பது வந்தது. பத்து வந்தது. பன்னிரண்டு.

கை தானாக நின்றது. மற்ற திரைகளைப் பார்த்தாள். பெட்டியோடு சேர்ந்து லாரியின் பின்பகுதியும் எழும்பியிருந்தது. ஒரு பக்கத்துச் சக்கரங்கள் தரையை விட்டு இரண்டடி உயரத்தில். டிரைவர் கூண்டு வலப்பக்கம் சாய்ந்து நின்றது. உள்ளே ஆள் இருந்தார்.

"சார், லாரி சேந்து வந்துட்டு!"

பெனிஸ்டன் ஓடி வந்தான். திரையைப் பார்த்தான். "இறக்குங்க, இறக்குங்க! சட்டுனு இறக்குங்க!"

"சட்டுனு இறக்குனா கவுந்துரும் சார்."

இடது பின்மூலையின் ஒரே பூட்டில் லாரியின் ஒரு பக்கம் முழுவதும் தொங்குகிறது என்பது அவளுக்கு விளங்கியது. வேகமாக இறக்கினால் சாய்ந்த பக்கமே விழும். அப்படியே வைத்திருந்தால் அந்தப் பூட்டு எந்த நொடியும் முறியலாம். காற்று வேறு பெட்டியை ஆட்டியது. எடை பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் நடுவில் துள்ளிக்கொண்டிருந்தது.

அப்போது கூண்டின் வலது கதவு திறந்தது. டிரைவர் ஒரு காலை வெளியே வைத்தார். லாரி சாயும் பக்கமும் அதுதான். அந்தப் பக்கம் நாலடி தள்ளி அடுக்கிவைத்த பெட்டிகளின் சுவர். குதித்தால் இரண்டுக்கும் நடுவில் நசுங்கிப்போவார்.

செல்வி கிரேனில் மாட்டியிருந்த ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்தினாள். "டிரைவர் கவனத்திற்கு" என்று தொடங்கும் வாசகம் ஒன்றைப் பயிற்சியில் மனப்பாடம் செய்திருந்தாள். அது வாயில் வரவில்லை.

"அண்ணாச்சி! குதிக்காதீங்க! கால உள்ள இழுங்க! கிரேன்ல இருந்து பேசுதேன்!"

காற்றில் கேட்டதோ இல்லையோ. டிரைவர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். மேலே யாருமில்லை. அவர் குழம்பிப்போனது திரையில் தெரிந்தது.

"மேல பாக்காதீங்க, நான் அங்கன இல்ல. உங்கள எனக்கு நல்லாத் தெரியுது. நீல சட்ட போட்டிருக்கீங்க. குதிச்சா பெட்டிக்கு நடுவுல மாட்டிக்கிடுவீங்க அண்ணாச்சி. உள்ள போயி கம்பிய கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க. நான் மெள்ள இறக்கிருதேன். விட மாட்டேன்."

ஒரு கணம் அவர் அசையவில்லை. பிறகு கால் உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது.

"யாரும் பேசாதீங்க," என்றாள் செல்வி, அறைக்குப் பொதுவாக. பெனிஸ்டனின் போன் அடித்தது. அவன் அதை அணைத்தான்.

காற்று ஓங்கும்போது நிறுத்தினாள். தணியும்போது கைப்பிடியை நூலளவு முன்னால் தள்ளினாள். ஒரு அங்குலம் இறங்கியது. நிறுத்தினாள். இன்னொரு அங்குலம். இடையில் ஒருமுறை பெட்டி திடீரென்று சுழன்று, எடை பதினைந்தைத் தொட்டு இறங்கியது. பின்னால் யாரோ "மாதாவே" என்றார்கள். செல்விக்குக் கண்ணில் வியர்வை இறங்கி எரிந்தது. துடைக்கக் கையை எடுக்க முடியாது. கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தாள்.

ஏழு நிமிடம் ஆனது. சக்கரங்கள் தரையைத் தொட்டன. எடை ஒன்பதுக்கு வந்து, எட்டானது, மூன்றானது.

டிரைவர் இறங்கி நான்கு அடி எடுத்துவைத்து, தரையில் உட்கார்ந்தார். அதன் பிறகுதான் செல்வி கைப்பிடிகளை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

சாயங்காலம் பெனிஸ்டன் ஒரு தாளைக் கொண்டுவந்தான். பூட்டைக் கவனிக்காமல் ஆபரேட்டர் பெட்டியைத் தூக்கியதால் நேர்ந்தது என்று அதில் இருந்தது.

"கையெழுத்து போடுங்க அக்கா."

செல்வி இரண்டு முறை படித்தாள். "நான் தூக்குனது நெசம் சார். தெரியலன்னு நான் சொன்னது இதுல எங்க?"

"எனக்கும் மேல ஆளு இருக்கு அக்கா. வீட்டுல நான் ஒருத்தன்தான் சம்பாத்தியம்."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான்."

அவள் பேனாவை வாங்கினாள். தாளின் அடியில் எழுதினாள்: 'இடது பின்மூலை தெரியவில்லை என்று மூன்று முறை சொன்னேன். துடைக்க நேரமில்லை என்றார்கள். தெரியாமலே தூக்கியது என் தவறு. தூக்க மாட்டேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.' அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் விசாரணை. பாதுகாப்பு அதிகாரி ஞானபாய் அந்தத் தாளை உரக்கப் படித்தார். பிறகு பெனிஸ்டனைப் பார்த்தார்.

"இவங்க சொன்னாங்களா?"

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று அவன் சொன்னால் அத்தோடு தன் வேலை முடிந்தது என்று செல்விக்குத் தெரியும். அவள் சொன்னதைக் கேட்டதற்குச் சாட்சி யாருமில்லை. பக்கத்து ஆபரேட்டர்கள் காதில் கருவி மாட்டியிருந்தார்கள்.

"சொன்னாங்க மேடம்," என்றான். "நான்தான் வேண்டாம்னுட்டேன்."

பூட்டைத் திறக்காத லாரியை உள்ளே விட்டதற்காக வாசல் காவலுக்கு ஒரு எச்சரிக்கை, கேமராவைத் துடைக்க விடாததற்காகப் பெனிஸ்டனுக்கு ஒன்று. செல்விக்கு நிரந்தரம் இல்லை. இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார்கள். ஆனால் ஞானபாய் ஒரு புது உத்தரவும் போட்டார். ஒரு மூலை தெரியவில்லை என்றாலும் ஆபரேட்டரே கிரேனை நிறுத்தலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

வெளியே படியில் பெனிஸ்டன் அவளுக்காக நின்றிருந்தான்.

"என் மேல கோவமா அக்கா?"

செல்வி யோசித்தாள். மூன்று மாதத்தை நினைத்தாள்.

"கோவந்தான். ஆனா உள்ள நீங்க சொன்னதுக்கு சந்தோசம்," என்றாள். "அந்த டிரைவர் அண்ணாச்சி எப்படி இருக்காரு?"

"வன்னியபெருமாள்னு பேரு. இடுப்புல கொஞ்சம் பிடிப்பு, அவ்வளவுதான். கிரேன்ல இருந்த அந்தப் பொம்பளப்பிள்ள யாருன்னு ரெண்டு தடவ கேட்டுட்டாரு."

"நம்பர் குடுங்க. நானே பேசுதேன்."

போனில் எண்ணைக் குறித்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகி, பஸ் வரும் பக்கம் நடந்தாள். காலையில் ஆறு மணிக்கு அவளுக்கு ஷிப்டு.