முயற்சியாளருக்குப் பொன்னாடை

சண்டையால் மின்சாரம் நின்று மூன்றாவது வருடத்தில் பல்கலைக்கழகத்தில் முயற்சியாண்மை அபிவிருத்திச் சங்கம் தொடங்கப்பட்டது. தலைவர், செயலாளர், பொருளாளர், போஷகர்கள் எல்லோரும் ஏகமனதாகத் தெரிவானார்கள். தொழில் செய்கிறவர் ஒருவர்தான் குறைவாக இருந்தார்.

விரிவுரையாளர் கலாநிதி முத்துக்குமாரு தேடினார். மாணவர்கள் ஏன் சொந்தத் தொழிலை நாடுகிறார்கள், ஏன் நாடுவதில்லை என்பது அவருடைய ஆய்வு. காரணங்கள் ஏற்கெனவே கையில் இருந்தன. அவற்றுக்குப் பொருந்துகிற மாணவன்தான் தேவைப்பட்டான்.

மானிப்பாய்ப் பஞ்சலிங்கம் அகப்பட்டான். வணிகம் படிக்கிறவன். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, பழைய சைக்கிள் வால்வில் திரியைச் செருகினால் ஒரு விளக்கு. ஊரில் எல்லோரும் செய்தார்கள். அவனுடையது புகைக்காது. அச்சுவேலிச் சந்தைவரை சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய் விற்றான். தங்கை குணலட்சுமி திரி திரித்தாள். தகப்பன் எண்பத்தேழில் போய்விட்டார். எப்படி என்று இப்போது யாரும் கேட்பதில்லை. எல்லா வீட்டிலும் ஒருவர் அப்படிப் போயிருந்தார்.

"நான் தேடின ஆள் நீர்தான் ஐசே," என்றார் கலாநிதி. "வெள்ளிக்கிழமை உமக்குப் பொன்னாடை."

"வேண்டாம் சேர்."

"முயற்சியாளருக்குத் தன்னடக்கம் கூடாது. என்ரை ஆய்வில கிடக்கு."

"அதில்லை சேர். ஆர் தலைமை?"

"வட்டுக்கோட்டைத் தியாகராசா ஐயா. வேறை ஆர்?"

வேறு யாரும் இல்லைதான். கோழி வளர்ப்புக் கூட்டமானாலும் அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்து இளைப்பாறிய ஒருவர் நடுக்கதிரையில் இருந்தால்தான் அது கூட்டம். தியாகராசா அங்கே கோப்பு எழுதுகிறவர்களுக்கெல்லாம் தலைவர், பிரதம இலிகிதராக இருந்தவர். கச்சேரிக் கந்தோரே பாதி இடிந்துபோன பிறகும் அவர் பிரதம இலிகிதராகவே இருந்தார்.

அவர் வீட்டோடுதான் மாற்றுச் சம்மந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மகன், பள்ளிக்கூட வாத்தியார், குணலட்சுமிக்கு. மகள் பத்மாசினி பஞ்சலிங்கத்துக்கு. ஒன்று குழம்பினால் மற்றதும் குழம்பும். பெடியன் சோதனை எழுதி அரசாங்க உத்தியோகத்துக்குப் போவான் என்று பஞ்சலிங்கத்தின் தாய் சொல்லியிருந்தாள். விளக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. போத்தல் விற்கிறவனுக்கு ஐயா மகளைக் கொடுக்கமாட்டார். அவனுடைய தங்கையை எடுக்கவும் மாட்டார்.

"நீ போகாட்டி என்ன?" என்று குணலட்சுமி கேட்டாள்.

"சேர்தான் என்ரை சோதனைத் தாளும் திருத்திறவர்."

"அப்ப போ." அவள் திரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேடையில் மைக் வைத்திருந்தார்கள். அதற்கு மின்சாரம் இல்லை. ஆனாலும் ஒவ்வொருவரும் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்கள். வரவேற்புரையின்போது மேலே ஹெலிகொப்டர் ஒன்று சுற்றியது. கடற்கரைப் பக்கம் எங்கோ இரண்டு குண்டுகள் வெடித்தன. யாரும் எழும்பவில்லை. வரவேற்புரையும் நிற்கவில்லை.

முத்துக்குமாரு மூன்று காரணங்களையும் விளக்கினார்: மனப்பாங்கு, குடும்பச் சூழல், தன்னம்பிக்கை. பிறகு பஞ்சலிங்கத்தை மேடைக்கு அழைத்து, அவனுடைய விளக்கு ஒன்றைக் கோயில் தீபம்போலத் தூக்கிப் பிடித்தார்.

"இந்த விளக்கைச் செய்து விற்கிறவர் இவர்தான்!"

தியாகராசா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். அதே மாதிரிப் போத்தல் விளக்கு அவர் வீட்டுச் சாமியறையிலும் இருந்தது.

"தம்பி, உதுவோ உம்மடை தொழில்?"

"பொறுங்கோ ஐயா, என்ரை ஆய்வுக் கேள்வி முதல்," என்றார் கலாநிதி. "பஞ்சலிங்கம், சபைக்குச் சொல்லும். படிப்பு முடிய நீர் என்னவாய் வரப்போறீர்?"

சபை முழுக்க அவனைப் பார்த்தது. அவன் தியாகராசாவின் செருப்பைப் பார்த்தான். கார் ரயரில் வெட்டின செருப்பு.

"இலிகிதர், சேர்."

"ஆ?"

"அரசாங்க இலிகிதர். விளக்கு சும்மா... நேரம் போறதுக்கு."

முதலில் கைதட்டியவர் தியாகராசா. பிறகு சபை. கலாநிதியும் கைதட்ட வேண்டியதாயிற்று. வாங்கிய பொன்னாடையைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியாதென்பதால், தெளிவான இலட்சியத்துக்காக என்று சொல்லி அதைத் தியாகராசாவே அவன் தோளில் போர்த்தினார். மாணவர்களிடம் முயற்சியாண்மை எண்ணம் அரும்பாததற்குப் போதிய கருத்தரங்குகள் இல்லாமையே நான்காவது காரணம் என்று முடிவுரையில் முத்துக்குமாரு கண்டுபிடித்தார்.

படியிறங்கும்போது தியாகராசா அவன் கையைப் பிடித்தார்.

"தையில நாள் வைப்பம். போத்தல் வேலை கலியாணத்தோட நிக்கவேணும், விளங்கிச்சோ?"

"ஓம் ஐயா."

"அதுக்கு முதல் எங்கடை வீட்டுக்கு நாலு செய்து தாரும். கடையில வாங்கிறது புகைக்குது."

வீட்டில் குணலட்சுமி அப்போதுதான் விளக்கைக் கொளுத்தியிருந்தாள்.

"என்ன சொன்னனீ?"

"இலிகிதர் எண்டு."

"ம்."

"தையில நாள் வைக்கினமாம். பிறகு விளக்கு செய்யேலாது."

"பிறகு அம்மா என்னத்தைச் சாப்பிடுறது?"

அவன் பொன்னாடையைக் கழற்றிப் பாயில் போட்டான்.  அவள் அதை எடுத்துக் கரையில் ஒரு நூலை இழுத்துச் சுவாலையில் பிடித்தாள். அது சுருங்கிக் கறுத்து ஒரு துளியாய் ஒட்டிக்கொண்டது.

"நைலோன். திரிக்கு உதவாது, அண்ணை."

"மடிச்சு வை."

மடித்து வைத்தாள். பிறகு ஐயா வீட்டுக்கான நாலு போத்தல்களையும் எடுத்து வந்து கழுவத் தொடங்கினாள். சவர்க்காரம் இல்லை. சாம்பல்தான்.