மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கை

வினிஃப்ரெட் டக்கெட் அதுவரை வரைந்ததெல்லாம் கெட்டில்களும் தொப்பிகளும்தான். லண்டனில் ஃப்ளீட் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த, படங்களோடு வரும் வாரப் பத்திரிகையின் விளம்பரப் பக்கங்களை அவள் கை ஐந்து வருடமாக நிரப்பி வந்தது. அந்த மார்ச் மாதம் ஆசிரியர் கிரேக் அவளைக் கூப்பிட்டு, லாரல் அரங்கில் 'இரட்டை அழைப்பு' நாடகம் மறுபடி மேடை ஏறப்போகிறது, முழுப்பக்கப் படம் நீதான் வரைகிறாய் என்றபோது அவள் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

'இரட்டை அழைப்பு' நூறு வருடத்துக்கு முந்தைய நகைச்சுவை நாடகம். ஒரு விதவைச் சீமாட்டி, தன்னை மணக்கத் துடிக்கும் இரண்டு பேரை மறதியாக ஒரே மாலை விருந்துக்கு அழைத்துவிடுகிறாள். இருவரும் வந்து நிற்க, வேறு வழியில்லாமல் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்கிறாள். மேலே அவர்கள் ஒருவரை ஒருவர் முறைத்தபடி சாப்பிடுகிறார்கள். அப்போது மேஜை விரிப்புக்கு அடியிலிருந்து ஒரு கை மெல்ல எழுந்து தட்டிலிருந்த கோழிக்காலை எடுத்துக்கொண்டு மறையும். நாடகமே பார்க்காதவர்களுக்குக்கூட அந்தக் கையைத் தெரியும். தேநீர்க் கோப்பையிலும் விசிறியிலும் அதன் படம் இருந்தது.

வினிஃப்ரெட் பழைய படங்களைத் தேடிப் போனாள். மிகப் பழைய செப்புத்தகட்டுப் படத்தில் அந்தக் கைக்கு லேஸ் வைத்த சட்டைக்கை. அடுத்த தலைமுறையின் வண்ணப் படத்தில் கோழிக்காலுக்குப் பதில் மீன். பிறகு ஒரு கேலிப்பட ஓவியர் முழு வாத்தையே அந்தக் கையில் கொடுத்திருந்தார். கடைசியில் நாடகப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தாள். அந்த இடத்தில் 'அவர்கள் உண்கிறார்கள்' என்று மட்டும்தான் இருந்தது. கையும் இல்லை, கோழியும் இல்லை.

ஒத்திகையில்தான் வில்லங்கம் தெரிந்தது. நாடகக் குழுவின் முதலாளி ஆம்புரோஸ் தர்ல்வால் இரண்டு காதலர்களில் ஒருவராக நடிப்பவர், கெட்டிக்காரர், பிடிவாதக்காரர்.

"நாடகாசிரியர் எழுதினது மட்டும்தான் என் மேடையில நடக்கும். நூறு வருஷமா ஆளாளுக்கு ஒட்டவெச்ச குப்பையெல்லாம் பெருக்கித் தள்ளப்போறேன். கை கிடையாது" என்றார்.

"சார், ஜனங்க அதைப் பாக்கத்தானே வர்றாங்க" என்றாள் வினிஃப்ரெட்.

"வசனத்தைக் கேக்க வரட்டும். அவ்வளவு நல்ல வசனம். அந்தக் கை வர்ற சிரிப்புல ஒரு வரிகூட யார் காதுலயும் விழறதில்ல, கவனிச்சிருக்கியா? நீ ரெண்டு கனவான்கள் சாப்பிடற மாதிரி வரைஞ்சுக்கோ."

அவர் சொன்னதோடு நிற்கவில்லை. அட்டையில் செய்து வண்ணம் பூசிய கோழியைத் தட்டோடு சேர்த்து ஆணி அடிக்கச் சொன்னார்.

விதவையாக நடிப்பவள் டார்கஸ் வென். ஐம்பதைத் தாண்டியவள், லண்டன் முழுக்க அவள் குரலுக்கு ரசிகர்கள். அவளுடைய ஒப்பனை அறைக்குப் போய் வினிஃப்ரெட் நேராகக் கேட்டாள்.

"கை வருமா, வராதாம்மா? எனக்குத் தெரிஞ்சாகணும். சனிக்கிழமை மத்தியானம் நாடகம், சாயங்காலமே பத்திரிகை அச்சுக்குப் போகுது. அதுக்கு முன்னாடியே மரக்கட்டையில படத்தைச் செதுக்கி வெச்சாகணும். எங்க பத்திரிகை ஆசிரியர் கை வேணும்கறார். நான் கையை வரைஞ்சு, மேடையில கை வரலேன்னா ஊரே சிரிக்கும். மறுபடி கெட்டில் வரையப் போயிடுவேன்."

டார்கஸ் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே புருவத்தை எழுதினாள். "எனக்கு முன்னாடி இந்த வேஷம் போட்டவ அந்தக் கையை எனக்குக் காட்டிக் குடுத்தா. அவளுக்குக் காட்டிக் குடுத்தது அவளுக்கும் முன்னாடி போட்டவ. முதல்ல நடிச்சவளுக்கு நிஜமாவே பசியாம், அதான் எடுத்தாளாம். உண்மையோ பொய்யோ. அந்த ஆளு ஆணி அடிச்சுட்டான்னா நான் கையைக் கட்டிட்டு உக்காந்திருப்பேன்னு நினைக்கிறியா?"

"அப்ப வரும்?"

"நான் ஒண்ணும் சொல்லல கண்ணு. நீ வந்து பாரு."

வினிஃப்ரெட் துணிந்து கையை வரைந்தாள். கையில் கோழிக்கால். பெரிய படம் என்பதால் சின்னச் சின்ன மரத்துண்டுகளைத் திருகாணியால் முடுக்கி ஒரே பலகையாக்கி, அச்சில் சரியாக விழ அதன்மேல் இடம் வலம் மாற்றி வரைய வேண்டும். வரைந்ததும் பலகையைப் பிரித்து ஆளுக்கொரு துண்டாகச் செதுக்கி, மறுபடி பூட்டுவார்கள். வெள்ளிக்கிழமை பலகை தயாராகிவிட்டது.

சனிக்கிழமை அரங்கத்தில் ஊசி விழ இடமில்லை. மேல்மாடியில் ஆரஞ்சுத் தோல் வாசனை. மூன்றாம் அங்கத்தில் மேஜை வந்ததும் பேச்சு அடங்கி எல்லோர் கழுத்தும் நீண்டது. வினிஃப்ரெட் பென்சிலை இறுகப் பிடித்திருந்தாள். தர்ல்வால் சூப்பைக் குடித்தார், எதிரில் இருந்தவரை முறைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. மேல்மாடியில் யாரோ முனகினார்கள்.

விரிப்பு அசைந்தது. ஒரு விரல், பிறகு இன்னொன்று. கை வந்துவிட்டது.

அரங்கம் கூரை அதிரச் சிரித்தது. கை கோழிக்காலைப் பிடித்து இழுத்தது. தட்டே மேலெழும்பி மறுபடி உட்கார்ந்தது. கை கொஞ்சம் யோசித்தது. மேஜைமேல் தடவித் தேடியது. உப்புக் கிண்ணம், வேண்டாம். கரண்டி, வேண்டாம். தர்ல்வால் ஈயை அடிப்பவர்போல அந்தக் கையைக் கரண்டியால் தட்டினார். சிரிப்பு இரட்டித்தது.

"இடது பக்கம் தேடும்மா, ரொட்டி இருக்கு" என்று மாடியிலிருந்து ஒரு குரல் வழி சொன்னது.

கை இடது பக்கம் போனது. அங்கே ரொட்டிக்கு முன்னால், சூப்பின்மேல் குனிந்திருந்த தர்ல்வால் வேஷத்துக்கு வைத்திருந்த பவுடர் பூசிய பொய்முடியின் குடுமி தொங்கியது. கை அதைப் பிடித்தது. ஒரே இழுப்பு. பவுடர் பறக்க, பொய்முடி மேஜைக்கு அடியில் போய்விட்டது.

தர்ல்வாலின் தலை விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. அவருக்கு ஒரு முடிகூடக் கிடையாது என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. சிரிப்பு சட்டென்று நின்றது. மனுஷர் மேடையை விட்டு இறங்கிப் போய்விடுவார் என்றே வினிஃப்ரெட் நினைத்தாள். அவர் முகம் சிவந்தது. மெதுவாகக் கையை உயர்த்தித் தலையைத் தடவிப் பார்த்தார். எதிரில் இருந்தவரிடம் திரும்பி, நாடகாசிரியர் எழுதிய அடுத்த வரியை, ஒரு எழுத்தும் மாற்றாமல் நிதானமாகச் சொன்னார்:

"இந்த வீட்டுக்கு வந்தாலே எனக்குத் தலைகால் புரியறதில்ல."

அதன் பிறகு எழுந்த சத்தத்தில் நாடகம் சிறிது நேரம் நின்றுபோனது. ஒரு பாதிரியார் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். மேஜை விரிப்பு குலுங்கிக் கொண்டிருந்தது. உள்ளே டார்கஸ் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வினிஃப்ரெட்டுக்குச் சிரிக்க நேரமில்லை. குறிப்பேட்டில் நாலு கோடு இழுத்தாள், எழுந்தாள், முட்டிகளை இடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். ஸ்ட்ராண்ட் சாலை முழுக்கக் குதிரை வண்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்து, பாவாடையைத் தூக்கிக்கொண்டு, செதுக்கும் பட்டறை வரை ஓடியே போனாள்.

பட்டறைத் தலைவர் ஜேபஸ் மோல்ட் அச்சகத்துக்கு அனுப்பப் பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"குடுக்காதீங்க" என்றாள், மூச்சு வாங்க. "கோழி இல்ல. முடி."

"என்னம்மா உளர்றே? உக்காரு முதல்ல."

அவள் குறிப்பேட்டை நீட்டி நடந்ததைச் சொன்னாள். மோல்ட் கோட்டுப் படத்தைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது.

"தர்ல்வாலா? சுத்தமா ஒண்ணுமே இல்லியா?"

"முட்டை மாதிரி சார். ரெண்டே துண்டு மாத்தினா போதும். கை இருக்கற துண்டு, தலை இருக்கற துண்டு."

"அச்சுக்காரன் என் தோலை உரிச்சுடுவான்" என்றபடியே மோல்ட் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கிவிட்டார். புது மரத்துண்டு இரண்டைப் பொருத்தினார். வினிஃப்ரெட் அதன்மேல் நேரடியாகவே இடம் வலம் மாற்றி வரைந்தாள். அவள் வரைந்து முடித்ததும் துண்டுகளைக் கழற்றிக் கைப்பகுதியை மோல்ட்டும், தலையை இன்னொரு செதுக்குபவரும் எடுத்துக்கொண்டார்கள். மேஜை விரிப்பின் மடிப்புக் கோடு பக்கத்துத் துண்டோடு சேர வேண்டும். மயிரிழை விலகினாலும் படத்தில் வெள்ளைக் கீறல் விழும். அச்சகத்திலிருந்து ஆள் வந்து வாசலில் நின்று கத்தினான். பட்டறையில் ஒருவரும் நிமிரவில்லை. மறுபடி பூட்டி, மை தடவி, ஒரு தாள் ஒற்றி எடுத்தபோது மோல்ட் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"சேந்துருக்கு" என்றார். வினிஃப்ரெட் வாசலில் நின்றவனைக் கூப்பிட்டாள்.

பத்திரிகை கடைக்கு வந்த அன்றே இரண்டாம் முறை அச்சடிக்க வேண்டியதாயிற்று. திங்கட்கிழமை தர்ல்வால் பத்திரிகையோடு அலுவலகத்துக்கே வந்தார். வினிஃப்ரெட் எழுந்து நின்றாள்.

"என் தலை இவ்வளவு உருண்டையாவா இருக்கு?" என்று கேட்டார்.

"கொஞ்சம் குறைச்சுத்தான் சார் போட்டேன்."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்தார். "என் வாழ்க்கையில வாங்கின பெரிய சிரிப்பு அது. அதுவும் நாடகாசிரியரோட சொந்த வரிக்கு. அந்த வரியை இத்தனை வருஷமா ஒருத்தரும் கேட்டதே இல்ல, தெரியுமா? டார்கஸ் தினமும் இழுக்கட்டும்னு சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு. நாடகத்தைப் புதுப் புத்தகமா போடறேன், அதுல கையைப் பத்தி ஒரு எழுத்து வராது. படத்துல வேணா வரட்டும். எல்லாப் படமும் நீதான் போடணும். முடியுமா?"

"முடியும் சார்" என்றாள், அவர் கேட்டு முடிப்பதற்குள்.

இரண்டு வருடம் கழித்து லீட்ஸ் நகரத்தில் ஒரு குழு அந்த நாடகத்தைப் போட்டது. டார்கஸும் வினிஃப்ரெட்டும் ரயிலேறிப் போய் மாடியில் உட்கார்ந்தார்கள். லீட்ஸ் விதவையின் கை மேலே வந்து, எடுத்த எடுப்பில் பொய்முடியைப் பறித்தது. ஜனங்கள் ஆரவாரித்தார்கள். நாடகம் முதன்முதல் மேடையேறிய நாளிலிருந்தே இப்படித்தான் நடிப்பார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் தன் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"அவசரக்குடுக்கை" என்று டார்கஸ் வினிஃப்ரெட்டின் காதில் கடுகடுத்தாள். "தேடவே இல்லியே அவ. உப்பைத் தொடல, கரண்டியைத் தொடல. முடிஞ்சதும் உள்ளே போய் அவளுக்குச் சொல்லிக் குடுக்கணும்."

"பேசாம இருங்கம்மா, அவன் அந்த வரியைச் சொல்லப் போறான்" என்றாள் வினிஃப்ரெட், முன்னால் குனிந்து.