பீலியைத் தாண்டி

"தலைவர் இறம்பொட தாண்டிட்டாராம். பெட்டிய மூடிறாதீங்க, செத்த பொறுங்க!" என்று வாசலிலிருந்து யாரோ கத்தினார்கள்.

மூடியைத் தூக்கக் குனிந்த ஆட்கள் மறுபடி நிமிர்ந்தார்கள். தப்பு அடிக்கிறவர்கள் தப்பை லயத்து வரிசைவீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு வெற்றிலையை எடுத்தார்கள். மூன்றரைக்குத் தூக்குவதாகப் பேச்சு. இறம்பொடையிலிருந்து நுவரெலியா ஏறி, லிந்துலை இறங்கி, தோட்டத்து ரோட்டில் குலுங்கி வந்துசேர எப்படியும் நேரமாகும். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இதே பிணத்துக்காக ஒரு சொந்தக்காரன் பிந்தி வந்திருந்தால் அவன் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பார்கள்.

நாகலெட்சுமி புருஷன் சிவசாமியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. ஆனாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. இடுப்பில் செருகியிருந்த போனை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எத்தனையோ சாமிகளிடம் எத்தனையோ கேட்டிருக்கிறாள். ஓர் அரசியல்வாதி பிந்தி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை. தேங்காய்கூட உடைக்காமல் நிறைவேறுகிற வேண்டுதல் அது ஒன்றுதான்.

மகள் லோஜினி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒப்பந்தம் முடியாமல் அந்த வீட்டு மேடம் ஊருக்கு விடமாட்டாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் போனையே கையில் கொடுப்பாள். அப்பன் செத்ததற்கும் அந்தச் சட்டத்தில் மாற்றமில்லை. அங்கே சாப்பாடு முடிகிறபோது இங்கே ஐந்து மணி.

லயத்துக்குள் சிக்னல் கிடைக்காது. மேலே பெரட்டுக்களத்தில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற அந்தத் திடலில்தான் கிடைக்கும். நேற்றுப் பக்கத்து வீட்டு ஜீவராணிதான் போனை அங்கே கொண்டுபோய்ச் செய்தி சொல்லிவிட்டு, லோஜினியின் குரலைப் பதிவாக வாங்கிக்கொண்டு வந்தாள். படம் எடுத்து அனுப்புகிறேன் என்று ஜீவராணி சொன்னதற்கு லோஜினி சொல்லி அனுப்பிய பதில் இது.

"படம் வேணாம்க்கா. அப்பா முன்னால நான் நிக்கணும். அம்மாகிட்ட சொல்லுங்க, அஞ்சு மணிக்கு எடுப்பேன். அப்பா மொகத்த ஒருக்கா காட்டச் சொல்லுங்க. உசுரோட இருந்தப்பதான் எங்கூடப் பேச மாட்டேன்னுட்டாரு."

அது உண்மைதான். சிவசாமி மகளோடு பேசவில்லை. "பொட்டப் புள்ளய அடுத்தவன் வீட்டுக்கு அனுப்பிட்டு எந்த மூஞ்சியோட தம்பி பக்கத்துல ஒக்காருவேன்?" என்று லோஜினி பையைத் தூக்கிய அன்றைக்குச் சொன்னவர்தான். அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை. முந்தாநாள் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், தராசுக்குப் பக்கத்திலேயே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவும் இல்லை.

அந்தத் தம்பி முத்துலிங்கம்தான் இந்த முறை தலைவரின் கட்சியில் பாராளுமன்றத் தேர்தலுக்கு நிற்கிறான். ஓட்டுக்கு இன்னும் இரண்டு நாள். மாவட்டம் முழுக்க மூலைமுடுக்கெல்லாம் அவன் முகம் ஒட்டியிருந்தது. நாடு ஒன்று, சட்டம் ஒன்று. போதைப்பொருள் விற்கிறவனுக்குத் தூக்கு. தோட்டத்து மண்ணை வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கொடுக்கக் கூடாது. பெண்பிள்ளைகள் வீட்டு வேலைக்குக் கடல் தாண்டுவதைச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டும். அவன் சொல்வதெல்லாம் இதுதான். இரவுச் சாப்பாட்டுக்கு வருகிறபோதெல்லாம் அண்ணனுக்கு எதிரே சம்மணம் போட்டு இதைத்தான் பேசுவான். தூக்குப் போடும் விஷயத்தில் நாகலெட்சுமி அவன் பக்கம். மண் விஷயத்தில், "வெளிநாட்டுக்காரனுக்குக் குடுக்காட்டி நமக்கா தம்பி குடுக்கப் போறாங்க?" என்று கேட்டுக்கொண்டே ரொட்டியைத் திருப்பிப்போடுவாள்.

நான்காவதைப் பற்றி மட்டும் அவள் வாய் திறந்ததில்லை. முத்துலிங்கம் அதை ஓட்டுக்காகச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தோட்டத்து மேல் பிரிவான மேல் கணக்குப் பெண் ஒருத்தி வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்தபோது, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய் அந்தப் பெட்டியை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தவன் அவன். அன்றைக்கு இந்த வீட்டுக்கு வந்து ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் அழுதான்.

தலைவர் வந்துசேர்ந்தபோது மணி நாலரை. மாலை போட்டார், கும்பிட்டார், நாகலெட்சுமியிடம் ஏதோ சொன்னார். கூட வந்தவர்கள் படம் எடுத்தார்கள். வாய்க்கரிசி போட்டு, மூடியை வைத்துத் திருகாணியை முறுக்கினார்கள். தப்பு முழங்கியது. ஒப்பாரி லயத்தைத் தூக்கியது.

நாகலெட்சுமி பெட்டியின் மேல் விழுந்து புரளவில்லை. பெண்கள் அவளைப் பிடிக்கத் தயாராக நின்று ஏமாந்துபோனார்கள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் நடந்தாள்.

லயத்து முக்கில் பீலி. சுற்றியிருக்கிற குடும்பங்களெல்லாம் தண்ணீர் பிடிக்கிற இடம். எந்தச் சாவானாலும் பெண்கள் அதுவரைக்கும்தான். அங்கேயே நின்று அழுதுவிட்டு, தலைமுழுகிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அன்றைக்கும் பெண்கள் நின்றார்கள். நாகலெட்சுமி நிற்கவில்லை.

பெட்டிக்கு முன்னால் தோள் கொடுத்திருந்த முத்துலிங்கம் பின்னால் எழுந்த சலசலப்பைக் கேட்டுத் திரும்பினான். தோளை இன்னொருவனுக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு ஓடிவந்தான்.

"அண்ணி, நில்லுங்க. பொம்பளைங்க இதுக்கு மேல வர்ற வழக்கமில்லயே."

"பெரட்டுக்களத்துக்குத்தான் தம்பி. தெனமும் விடியக்காலையில நான் வந்து நிக்கிற எடந்தானே."

"அது வேலைக்கு. இது வேறல்ல?"

"வேலைக்கு வந்தா குத்தமில்ல, புருசன் பின்னால வந்தா குத்தமா?"

"தலைவர் நிக்கிறாரு. இத்தன பேரு பாக்குறாங்க அண்ணி."

"பாக்கட்டும்."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அவன் கண்கள் சிவந்து, இரண்டு ராத்திரி தூக்கமில்லாமல் வீங்கிப்போயிருந்தன. அண்ணன் தூக்கி வளர்த்த பிள்ளை. 'பாவம்' என்று நினைத்துக்கொண்டே அவள் அவனைத் தாண்டிப் போனாள்.

அந்தத் தோட்டத்தில் உழைத்துச் செத்தவர்களைப் பெரட்டுக்களத்தில் ஒரு தரம் இறக்கிவைத்து, தலைமாடு கால்மாடு மாற்றித் திருப்பித்தான் மயானத்துக்குக் கொண்டுபோவார்கள். இரண்டு நல்ல வார்த்தை பேசுவதும் அங்கேதான். பொலிஸ்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளோடு ஏற்கெனவே வந்து நின்றார். தேர்தல் பிரசாரம் ஓய்ந்த காலம், மைக் பிடிக்கக் கூடாது.

"மைக் எப்பா, மஹத்தயா" என்றார் முத்துலிங்கத்திடம்.

"மைக் இல்ல. இரங்கல் மட்டுந்தான்" என்று சிங்களத்தில் சொல்லி அவரைச் சமாதானப்படுத்திவிட்டு அவன் முன்னால் வந்தான்.

தலைவர் சுருக்கமாகப் பேசி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டார். பிறகு முத்துலிங்கம் தொடங்கினான். அப்பா இல்லாத தன்னை அண்ணன் ஹட்டன் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததைச் சொன்னான். மழைநாளில் படங்குச் சாக்கைத் தன் தலையிலிருந்து எடுத்துத் தம்பிக்குப் போர்த்திவிட்டதைச் சொன்னான். களமே மூக்கை உறிஞ்சியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எதிரே அவ்வளவு முகங்கள், பக்கத்தில் தலைவர். மூன்று மாதமாகப் பேசிப் பேசிப் பழகிய வாய் தன் பாட்டுக்குப் பழைய தடத்தில் இறங்கிவிட்டது.

"எங்கண்ணன் அரசியல்வாதி இல்ல. ஆனா கொள்கை உள்ள மனுசன். ஒரு நாடு ஒரு சட்டம்னு நான் சொன்னப்ப மொத ஆளா தலையாட்டுனது அவருதான். ஐஸ் போதை விக்கிறவனுக்குத் தூக்குன்னப்பவும் அவருதான். நம்ம பொம்பளப் புள்ளைங்க அடுத்தவன் வீட்டுக் கக்கூஸ் கழுவக் கடல் தாண்டக் கூடாதுன்னேன். அவரு சும்மா தலையாட்டல, வாழ்ந்து காட்டுனாரு! பெத்த மக சொல்லச் சொல்லக் கேக்காம போனப்ப, கொள்கைக்காக மூணு வருசம் அந்தப் புள்ளயோட ஒரு வார்த்த..."

நாகலெட்சுமியின் இடுப்பில் போன் அடித்தது.

பொலிஸ்காரர் உட்பட எல்லோரும் திரும்பினார்கள். அவள் எடுத்தாள். திரையில் லோஜினி, குசினி அடுப்பு மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். மகள் மெலிந்துபோயிருந்தாள்.

"அம்மா, சித்தப்பாவா பேசுறாரு? என்னயத்தான் சொல்றாராம்மா?"

"ஒரு நிமிசம் இரு தங்கம்" என்றாள். பிறகு முத்துலிங்கத்தைப் பார்த்து, "தம்பி, பெட்டியத் தொறங்க" என்றாள்.

"மூடுன பெட்டியத் தொறக்குறதா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "தலைவர் வந்தா தொறந்து வைப்பீங்க, மக வந்தா மூடிருவீங்களோ!" என்று நாகலெட்சுமி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"தம்பி, ஒங்க கொள்கை ஒங்களோட. அதுல பாதி எனக்கும் சரின்னுதான் படுது. ஆனா அவர சாட்சிக்கு இழுக்காதீங்க. அவரு பேசலதான். ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம இந்த எடத்துக்கு என்னய யாரு கூட்டியாந்தா? மேல நாய் கெடக்குன்னு கொடைய எடுத்துக்கிட்டுக் கூடவே வருவாரு. அந்தா, அந்தப் படிக்கட்டுக்கிட்ட முதுகக் காட்டிக்கிட்டு நிப்பாரு. 'ஒரு எழவும் கேக்கல, சத்தத்தக் கூட்டு'ம்பாரு. நான் வந்தேன்னு அவகிட்ட சொன்னீன்னா அடுத்த வாரம் நீயே நாயோட மல்லுக்கட்டிக்கன்னுருவாரு. அதுக்குப் பயந்துதான் நானும் சொல்லல. ஒருநா இவ இருமுனா. அந்த வாரம் பூரா மனுசன் தூங்கல. கொத்தமல்லியும் இஞ்சியும் அவிச்சுக் குடிக்கச் சொல்லு, நீ சொல்றாப்புல சொல்லுன்னு என் உசுர எடுத்துட்டாரு."

சிக்னல் போய்விட்டதோ என்று அவள் பதறிப்போய்ப் பார்த்தாள். லோஜினி வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கொத்தமல்லி... அப்பாவா சொன்னாரு?"

"அப்பாதான்டி."

முத்துலிங்கம் யாரையும் பார்க்கவில்லை. தலைவரையும் பார்க்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, திருகாணிகளைத் தன் விரலாலேயே கழற்றினான். ஒன்று இறுகிப்போய்க் கையைக் கிழித்தது. துடைத்துக்கொண்டு அடுத்ததைக் கழற்றினான். மூடியை எடுத்துவிட்டு, அண்ணனின் நெற்றியில் விழுந்திருந்த பூவிதழை ஒதுக்கினான்.

நாகலெட்சுமி குனிந்து போனைக் காட்டினாள்.

"அப்பா" என்றாள் லோஜினி. அவ்வளவுதான் முதலில் வந்தது. திரைக்குக் கிட்டே வந்து, "பாக்குறேன்ப்பா. மீசைய ஏன் இவ்ளோ சின்னதா வெட்டிட்டாங்க? இருமல் எனக்குச் சரியாப்போச்சுப்பா. அன்னைக்கே சரியாப்போச்சு" என்றாள். பிறகு பேச்சு அழுகையில் கரைந்தது. அந்தச் சின்னப் போனிலிருந்து வந்த அழுகைக்குக் களத்து ஆண்களெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இருட்டுவதற்குள் குழிக்குப் போகவேண்டும் என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். மூடியை வைக்கும்போது முத்துலிங்கம் எழுந்து வந்து போனுக்கு முன்னால் நின்றான்.

"சாப்பிட்டியாம்மா?" என்றான்.

"இல்ல சித்தப்பா."

"சாப்புடு" என்று சொல்லிவிட்டுப் போய்த் தோளைக் கொடுத்தான்.

தலைவரின் ஜீப் மேல் ரோட்டில் ஏறிப் போனது. பெட்டி கீழ்ப்பாதையில், தேயிலைக்கு நடுவே இறங்கியது. நாகலெட்சுமி அதற்குமேல் போகவில்லை. போகவேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. கண்ணைத் துடைத்து, போனையும் முந்தானையால் துடைத்து, களத்து விளிம்பில் நின்று கையை உயர நீட்டிப் பிடித்தாள்.

"தெரியுதாடி?"

"தெரியுதும்மா."

"சித்தப்பாதான் முன்னால புடிச்சிருக்காரு. சறுக்குற எடம், பாத்துப் போறாங்க. இப்ப பாலத்துக்கிட்ட திரும்புறாங்க. தெரியுதா?"

"ம். தெரியுது."

கடைசித் தலையும் சரிவில் மறைந்து, தப்புச் சத்தம் மட்டும் மிஞ்சியது. கை கடுத்தது. அவள் போனை இறக்கினாள். திரையின் ஓரத்துச் சின்னக் கட்டத்தில் தேயிலையும் இல்லை, பெட்டியும் இல்லை. அவளுடைய முகம்தான் இருந்தது. துடைத்தபோது எதையோ அமுக்கிக் கமராவைத் தன் பக்கமே திருப்பித் தொலைத்திருக்கிறாள்.

"அடிப்பாவி, இவ்வளவு நேரமும் என்னயவா பாத்துக்கிட்டிருந்த? சொல்லக்கூடாது?"

லோஜினி கதவுப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"திருப்பிறாதம்மா. மேடம் கூப்புடுற வரைக்கும் அப்பிடியே வெச்சிரு."

நாகலெட்சுமி முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, வெளிச்சம் இருந்த பக்கமாகத் திரும்பி நின்றாள்.