பெட்ரோல் டேப்பில் ஒரு கை

மர டிப்போவில் பலகை இழுத்துக்கொண்டிருந்தவனைப் பாம்பு கடித்துவிட்டது. பக்கத்துச் சுகாதார நிலையத்தில் சேர்த்தார்கள். அங்கே இருந்த விஷமுறிவு மருந்தை ஏற்றியும் இமை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்று டாக்டர் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். இன்னும் மருந்து வேண்டும். ஆம்புலன்ஸோ வேறு கேஸோடு போயிருந்தது.

ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோரில் அந்தப் போனை எடுத்தவள் கடிபட்டவனின் தங்கை. ஆள் சின்ன உருவம் என்பதால் வீட்டில் குருவி என்பார்கள். மருந்தை ஐஸ் பெட்டியில் அடுக்கியதும் அண்ணிக்குப் போன் போட்டாள். அண்ணன் தனிக்குடித்தனம் போனதிலிருந்து அவள் அண்ணியோடு பேசியதில்லை. ஆனால் உடனே வண்டியோடு வரக்கூடியவள் அண்ணிதான். மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. பழைய கார்புரேட்டர் பைக்கில் தெருத்தெருவாய்ச் சுற்றுபவள்.

அண்ணி வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. குருவி பெட்டியைத் துப்பட்டாவால் இடுப்போடு கட்டிக்கொண்டு ஏறினாள்.

ஊர் தாண்டியதும் வண்டி முரண்டு பிடித்தது. விட்டு விட்டு இழுத்தது, டப்டப்பென்று வெடித்தது, ஒரு மேட்டில் நின்றேவிட்டது. இன்ஜின் போச்சு, லாரியை மறிக்கலாம் என்றாள் குருவி. வந்த லாரிகளெல்லாம் எதிர்ப்பக்கம் போகிறவை.

"புகை என்ன நிறம்? பாத்தியா?" என்று கேட்டாள் அண்ணி.

"இப்ப அதுவா முக்கியம்?"

"அதுதான் முக்கியம். நீலமா வந்தா ஆயில் எரியுது, இங்க வச்சு நம்மளால ஒண்ணும் பண்ண முடியாது. கறுப்பா வந்தா பெட்ரோல் அதிகமாப் போகுது. அதைச் சமாளிச்சிடலாம்."

கறுப்பு என்றுதான் நினைக்கிறேன் என்றாள் குருவி. அண்ணி அந்த நினைப்பை நம்பிவிடவில்லை. ஸ்பேனர் போட்டு பிளக்கைக் கழற்றினாள். சட்டை நுனியால் பிடித்தும் விரல் பொசுங்கியது. பிளக்கின் முனையில் கண்மை போல உலர்ந்த கரி. எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லை. குனிந்து பார்த்தாள். கார்புரேட்டருக்கு அடியிலிருந்த குழாயில் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பெட்ரோலை அளந்துவிடும் ஊசி மாட்டிக்கொண்டிருக்கிறது, மூடவில்லை, இன்ஜினுக்கு மூச்சு முட்டுகிறது. ஸ்பேனரால் தட்டிப் பார்த்தாள். சொட்டு நிற்கவில்லை. கழற்றலாமென்றால் ஸ்க்ரூ ஒன்று தலை தேய்ந்து வெறுமனே வழுக்கியது.

டேங்குக்கு அடியிலிருந்த டேப்பை மூடினாள். சொட்டு நின்றது. திறந்தே விட்டால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும், மூடியே வைத்தால் பெட்ரோல் இல்லாமல் நின்றுவிடும்.

"ஓட்டுறப்ப என்னால க்ளட்சை விட முடியாது. டேப்பை நீ பாத்துக்க. புகை கறுப்பா வந்தா மூடு. புகையில்லாம வண்டி துவண்டா திற."

பிளக்கைக் கல்லில் தேய்த்து மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கிக்கொண்டு உதைத்தாள். உதைத்து உதைத்துக் கால் மரத்தபிறகு இன்ஜின் இருமிக்கொண்டு பிடித்தது.

குருவி இடது கையை அண்ணியின் தொடையைச் சுற்றி நீட்டி டேப்பைப் பற்றினாள். கழுத்தைத் திருப்பிப் பின்னாலேயே பார்த்தபடி வந்தாள். முதலில் தடுமாறி, மூட வேண்டிய நேரத்தில் திறந்தாள். கரும்புகை கொட்டியது. அண்ணி திட்டவில்லை, மூடச்சொல்லி முழங்கையால் இடித்தாள். ஏற்றத்தில் பின்னால் ஒரு லாரி ஹாரனை அலறவிட்டு நெருங்கியபோது வண்டி துவண்டது. புகை இல்லை. குருவி திறந்தாள். ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு இழுத்தது. மணிக்கட்டு இன்ஜினில் பட்டுத் தோல் வழன்றதைக்கூட அவள் உணரவில்லை.

நடுவில் அவள் பையிலிருந்த போன் அடித்தது. எடுக்கக் கை இல்லை. அடித்து ஓய்ந்தது. யார், எதற்கு என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. அண்ணியின் முதுகு மட்டும் விறைத்துப்போனது.

சுகாதார நிலைய வாசலில் நர்ஸ் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். உள்ளே அண்ணன் தொண்டையில் குழாயோடு கிடந்தான். ஒருத்தர் மாற்றி ஒருத்தர் காற்றுப் பையை அமுக்கி அவனுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். போன் செய்தது டாக்டர்தான், எங்கே வருகிறீர்கள் என்று கேட்க.

மருந்து ஏறியது. பொழுது சாயும்போது இமை அசைந்தது.

வெளி பெஞ்சில் இருவருக்கும் காயத்தில் மருந்து தடவிவிட்டுப் போனாள் நர்ஸ். குருவி அண்ணியின் பக்கம் திரும்பினாள்.

"தனியாப் போகணும்னது உங்க யோசனைதானே அண்ணி?"

"உங்க அண்ணனோடது. எங்கிட்ட வீடு பாத்தாச்சுன்னுதான் சொன்னாரு."

"ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"கேட்டாத்தானே சொல்றதுக்கு?"

மறுநாள் குழாயை எடுத்ததும் குருவி அண்ணனிடம் முதலில் கேட்டது அதைத்தான். அவன் தங்கையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், தொண்டை வலிக்கிறது என்று சைகை காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.