மேஸ்திரி தொட்டியில் பூசணி

மச்சான் வீட்டுக் கூடத்தில் நாங்கள் நான்கு பேர். மீன் தொட்டிக்கு நேர் எதிரே, மடியில் வலையோடு முக்காலியில் மச்சான், என் மனைவியின் தம்பி. சோபா நுனியில் அவன் மனைவி. சாப்பாட்டு மேசையருகே, முதுகு சாயாமல், என் மாமியார். நான் தரையில், மூடி போட்ட வாளியை இரண்டு கையாலும் பிடித்தபடி.

வாளிக்குள் பூசணி. என் மனைவி கல்யாணத்துக்கு முன்பிருந்தே வளர்க்கும் ஆஸ்கார் மீன், சாப்பாட்டுத் தட்டின் அகலம் இருக்கும். அவள் போயிருக்கும் பயிற்சி முகாமில் கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கடிதம் மட்டும்தான் போகும். "நீங்க பட்டினி கிடந்தாலும் அது கிடக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அன்று காலை எங்கள் தொட்டியின் கண்ணாடி விரிசல் விட்டு, வீடெல்லாம் தண்ணீர்.

மச்சானின் தொட்டி பெரியதுதான். ஆனால் அங்கே ஏற்கெனவே ஒரு முதலாளி உண்டு. பச்சை மினுக்கும் முரட்டு மீன், சிக்லிட் வகை. சரளையை வாயால் அள்ளி எந்நேரமும் குழி தோண்டுவதால் மேஸ்திரி என்று பேர். மற்ற மீன்கள் அவன் முகம் பார்த்துத்தான் நீந்தும்.

"அவனுக்கு முதல்ல அட்ரஸ் மறக்கணும் மாமா," என்றான் மச்சான். "கல்லெல்லாம் இடம் மாத்திட்டா தன் வீடு எதுன்னு தெரியாது. எல்லாரும் புதுக்குடித்தனம். சண்டை வராது."

"மனுஷங்களுக்கு இப்படி ஒரு வழி இருந்தா நல்லா இருக்கும்," என்றார் மாமியார், மருமகளைப் பார்க்காமல்.

கற்களைக் கலைத்தோம். தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாளியில் கலந்து, விளக்கை அணைத்து, பூசணியை இறக்கினோம். மேஸ்திரி மூலைக்கு மூலை அலைந்தான். பூசணியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நடுவில் வைக்க ஒரு பிளாஸ்டிக் தடுப்பு வெட்டிவர நானும் மச்சானும் மாடிக்குப் போனோம்.

"அண்ணா!" என்று கீழிருந்து அலறல்.

வெட்டிய தடுப்போடு ஓடி வந்தோம். மச்சான் மனைவியின் கைகள் முழங்கை வரை ஈரம். தொட்டியில் கற்கள் பழைய இடத்தில், பழைய வரிசையில். தொட்டி கழுவும்போதெல்லாம் கைபேசியில் படம் பார்த்து அச்சு அசலாகத் திரும்ப அடுக்குவது அவள் வழக்கம்.

"அவன்தான் சும்மா இருக்கானே, இன்னும் எதுக்குக் கல் குவாரி மாதிரி கிடக்கணும்னு..."

மேஸ்திரிக்கு வீடு கிடைத்துவிட்டது. வீட்டுக்குள் வேற்றாள். பூசணியை மூலையில் நெருக்கி மோதிக்கொண்டே இருந்தான். செதில்கள் தூசியாய் மிதந்தன. மச்சான் விட்ட வலை கற்களுக்கிடையே மாட்டிக்கொண்டது.

"வலைய விடுடா, கல்ல எடு!" மாமியார் எழுந்துவிட்டார்.

மச்சான் மனைவி முந்திக்கொண்டாள். மேஸ்திரி அவள் விரலைக் கவ்வினான். உதறவில்லை அவள். குகைக் கல்லை அப்படியே தூக்கித் தரையில் போட்டாள். அடுத்தது, அதற்கடுத்தது. தொட்டி மொட்டையானதும் மேஸ்திரி தடுமாறி நின்றான். நான் தடுப்பை இறக்கினேன்.

பூசணி பக்கவாட்டில் கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது. நாங்கள் யாரும் உட்காரவில்லை.

சாயங்காலம் அது மெல்ல நிமிர்ந்தது. வலது கண் இருந்த இடம் வெறும் குழி. இடது பக்கமாகக் கை நீட்டி ஒரு தீனி உருண்டை காட்டினேன். வெகுநேரம் யோசித்து, வாங்கிக்கொண்டது.

"நல்லா இருக்குன்னு எழுதுங்க மாப்பிள்ளை. அங்க அவளுக்குப் பரீட்சை," என்றார் மாமியார்.

"திரும்பி வந்து பார்த்தா ஒத்தைக் கண்ணு தெரியாதா அத்தை?" என்றேன்.

பூசணி உயிரோடிருக்கிறது, சாப்பிட்டது, ஒரு கண் போயிற்று, கற்கள் பழைய இடத்துக்கு வந்ததுதான் காரணம் என்று எழுதினேன். யார் வைத்தது என்று எழுதவில்லை. மச்சான் மனைவி வாங்கிப் படித்தாள். கட்டுப்போட்ட விரலோடு பேனாவைப் பிடித்து, என் கையெழுத்துக்குக் கீழே, "வெச்சது நான்தான் அண்ணி. நீங்க வர்ற வரைக்கும் நானே பாத்துக்கறேன்" என்று எழுதினாள்.

மாமியார் பசையை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உறையை ஒட்டி நீவிக் கொடுத்தாள். தபால் பெட்டி திறந்து கடிதம் எடுக்கும் நேரத்துக்குள் தெருமுனைக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.