கால் சுற்று

எர்னஸ்ட் கடைசி ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, "சீக்கிரம் வாண்ணா, நைனாவுக்கு மூச்சு வாங்குது" என்று உள்ளறையிலிருந்து தங்கை லோயிஸ் கூப்பிட்டாள். டாக்டர்கள் கைவிரித்து, சித்தூர் வீட்டுக்கு அவரைக் கொண்டுவந்து மூன்று நாளாகிறது.

அப்பா அசரியாவுக்குப் பத்து வருஷமாகக் காது மந்தம். திருப்பதியில் எலெக்ட்ரானிக்ஸ் வாத்தியாரான எர்னஸ்ட், சட்டைப் பையில் வைக்கிற காதுக்கருவி ஒன்றைத் தானே செய்து கொடுத்திருந்தான். அதன் சர்க்யூட்டைக் கல்லூரிக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டரில் முதலில் ஓட்டிப் பார்த்ததில் அவனுக்கு அத்தனை பெருமை. கம்ப்யூட்டரில் திருகுவதற்குக் குமிழ் ஏது? வால்யூம் கண்ட்ரோலை, மின்சாரத்தை மட்டுப்படுத்தும் இரண்டு ரெசிஸ்டராக எழுதி, ஒன்றைக் குறைத்து மற்றதைச் சமமாகக் கூட்டிக்கொண்டே போனான். திரையில் சத்தத்தின் கோடு பிசகாமல் நேராக ஏறியது. அதேபோலச் சமமாக ஏறும் கண்ட்ரோலையே வாங்கிப் பொருத்திவிட்டான்.

"கால் சுத்து திருப்பினாலே கத்துதுடா. அதுக்கு மேல திருப்பினா ஒண்ணும் மாறல" என்றார் அசரியா.

"கம்ப்யூட்டர்ல சரியாத்தான் வந்துச்சு நைனா" என்று அந்தக் கோடு அச்சான காகிதத்தைக் காட்டினான் மகன். படித்த திமிர், வேறென்ன. அவர் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டார். வீட்டில் எல்லோரும் பழையபடி அவரிடம் கத்தத் தொடங்கினார்கள்.

போன வாரம்தான் அவனுக்கு உறைத்தது. காது சமமான படிகளில் கேட்பதில்லை. மெல்லிய சத்தம் கொஞ்சம் கூடினாலே அதற்கு அதிகம். மெதுவாக ஏறிக் கடைசியில் வேகமெடுக்கும் கண்ட்ரோல் வேண்டும். அதை வாங்கிக்கொண்டு இன்று காலை முதல் பஸ்ஸில் வந்தவனுக்கு, புத்தலப்பட்டு தாண்டும்வரை உட்கார இடமில்லை. நைனா போவதற்குள் ஒரு வார்த்தையாவது கத்தாமல் பேசிவிட வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

பெட்டியை அவர் மார்பில் வைத்து, காதில் பொருத்தி, குமிழை மெல்லத் திருப்பினான்.

"நைனா, கேக்குதா?"

அசரியா கண்ணைத் திறந்தார். "கேக்குது. இப்டியே மெதுவாப் பேசு."

"தப்பு என்னுது நைனா. கண்ட்ரோலத் தப்பாப் போட்டுட்டேன்."

"அப்டியா? என் காதுதான் மொத்தமாப் பூடுச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீ படிச்சவனாச்சே."

எர்னஸ்ட் சற்று நகர்ந்து தங்கைக்கு இடம் விட்டான்.

லோயிஸ் பக்கத்தில் உட்கார்ந்து, தன் மகள் கணக்கில் கோட்டை விட்டதையும், மாமியாரோடு நடந்த சண்டையையும் தாழ்ந்த குரலில் சொன்னாள். கத்திச் சொல்ல முடியாத பேச்சுகள். அவர் சிரிக்கக்கூடச் செய்தார். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பதினொரு மணி சுமாருக்கு, மூச்சு நின்றுவிட்டது.

அழுகை கேட்டு அடுத்த வீட்டு செங்கம்மா ஓடிவந்தாள். பழக்கதோஷம், அவர் காதருகே குனிந்து, "பெரியவரே!" என்று கத்தினாள்.

எர்னஸ்டின் கை தன்னையறியாமல் குமிழைக் குறைத்தது.