ஏலத்தில் போன வகுப்பு

அந்த நவம்பரில் எங்கள் ஊரில் ஓட்டுப் போட்டார்கள். நிலவரியைக் கொஞ்சம் கூட்டி, அந்தப் பணத்தில் உயர்நிலைப் பள்ளியின் வெல்டிங், மோட்டார், நர்சிங் வகுப்புகளைத் தொடர்ந்து நடத்தலாமா என்பதுதான் கேள்வி. வேண்டாம் என்றது ஊர். நான் அந்தப் பள்ளியின் சமையலறையில் வேலை பார்க்கிறவள். வேண்டாம் என்று போட்டவர்களில் என் தம்பி வெர்லினும் ஒருவன். அவன் மகள் ஷெல்பி வெல்டிங்கில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

அவனை ஒரேயடியாகத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. மர ஆலை மூடியதிலிருந்து முதுகு வலியோடு வீட்டில் கிடக்கிறான். பெண்டாட்டி விட்டுப் போய் வெகு காலமாயிற்று. மிச்சம் இருப்பது மலைச்சரிவில் ஒரு துண்டு நிலம். வரி கூடினால் அதுவும் கைவிட்டுப் போகும் என்று பயந்தான். பெட்ரோல் பங்கில் கூடவே காபி குடிக்கும் டுவெய்ன் அந்தப் பயத்தைத் தினமும் ஊதி வளர்த்தான்.

பனிக்காலம் முடியும் முன்பே பள்ளிக் குழு அறிவித்துவிட்டது. கல்வி வருடக் கடைசியோடு மூன்று வகுப்புகளும் மூடப்படும். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நானும் வெர்லின் வீட்டில் இருந்தேன்.

"அப்பா, வெல்டிங்க மூடறாங்க," என்றாள் ஷெல்பி.

"சும்மா மிரட்டறாங்க பாப்பா. பந்தாட்ட மைதானத்துக்கு விளக்கு போடக் காசு இருக்கு, இதுக்கு இருக்காதா?"

"அது ஊர்ல கேட்டு வாங்கின நன்கொடை. அதுக்கு யாரும் வேண்டாம்னு சொல்லல."

வெர்லின் என்னைப் பார்த்தான். "நீயாவது சொல்லேன்க்கா. நெசமாவே மூடிருவாங்களா?"

"வெல்டிங் வாத்தியார் ப்ரூயிட் வேற வேலை பாத்துக்கிட்டாருடா," என்றேன். "மூடாம என்ன பண்ணுவாங்க?"

அவன் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டான். ஷெல்பி நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டாம் வருடம் முடிந்தால்தான் சான்றிதழ்த் தேர்வு. அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் ஆற்றங்கரையில் சரக்குப் படகு கட்டும் கம்பெனி பள்ளி முடித்த கையோடு வேலைக்கு எடுத்துக்கொள்ளும். பக்கத்து மாவட்டத்தில் பெரிய தொழிற்பயிற்சிப் பள்ளி இருக்கிறது. வெர்லின் முதுகைப் பிடித்துக்கொண்டு அங்கே போய் ஷெல்பிக்கு இடம் கேட்டான். எங்கள் மாவட்டப் பிள்ளைகளுக்கு எங்கள் மாவட்டம் பணம் கட்ட வேண்டும், அது கட்டாது, அதனால் இடமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்தவன் இரண்டு நாள் பெட்ரோல் பங்குப் பக்கம் போகவில்லை.

ஜூனில் பள்ளி வாசலில் ஏலம் விட்டார்கள். வெல்டிங் மிஷின்கள், முகமூடிகள், இரும்பு மேசைகள் எல்லாம் வெயிலில் வரிசையாகக் கிடந்தன. வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவர்களே லாரியோடு வந்திருந்தார்கள். டுவெய்ன் ஒரு இரும்பு மேசையை அடிமாட்டு விலைக்கு எடுத்து, "கொட்டாய்ல போட்டுக்க நல்லாருக்கும்," என்று தட்டிப் பார்த்தான்.

வெர்லினும் கை தூக்கினான். ஷெல்பி பழகிய மிஷினையே எடுத்து, நாலு பேரைப் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தான். மகள் முகம் மலரும் என்று நினைத்திருப்பான் பாவம்.

"இனி வீட்டிலயே பழகலாம் பாப்பா."

"எனக்கு வெல்டிங் தெரியும்ப்பா," என்றாள் அவள். "தெரியும்னு எழுதிக் குடுக்க ஆள்தான் இல்ல."

ஆனாலும் பழகினாள். பள்ளியின் கடைசி வருடம் முழுவதும் சாயங்காலமானால் கொட்டகையில் நீல வெளிச்சம் தெரியும். ஊராரின் உடைந்த கேட், டிரெய்லர் எல்லாம் அவளிடம் வந்தன.

பள்ளி முடிந்த மறுவாரம் அவளைப் படகுக் கம்பெனிக்கு நான்தான் கூட்டிப்போனேன். மேஸ்திரி இரண்டு இரும்புத் தகடு கொடுத்து ஒட்டச் சொன்னார். ஒட்டியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா ஒட்டிருக்க. சர்டிபிகேட் இல்லாத ஆள உள்ள விட்டா இன்சூரன்ஸ்காரன் எங்கள மூட வெச்சிருவான். சிட்டில பரீட்சை எழுதிட்டு வா."

சிட்டியில் நேரே பரீட்சைக்கு உட்கார முடியாது. முதலில் ஆறு மாதம் அங்கே தங்கிப் படிக்க வேண்டும். படிப்புச் செலவு அவர்கள் நிலத்தின் விலையைத் தொடும். அவள் ஏற்கனவே விசாரித்திருந்தாள். "சரிங்க சார்," என்று மட்டும் சொன்னாள்.

காரில் திரும்பினோம். நெடுஞ்சாலைத் திருப்பம் வந்தபோது, "அத்தை, கோழி ஃபேக்டரில ஆள் எடுக்கறாங்களாம். போற வழிதான், நிறுத்துங்க," என்றாள்.

"இன்னைக்கேவா? வீட்டுக்குப் போயி யோசிச்சு..."

"யோசிச்சா வரமாட்டேன் அத்தை."

அரை மணியில் வெளியே வந்தாள். கையில் ரப்பர் பூட்ஸும், முடி விழாமல் தலையில் மாட்டும் வலையும். அங்கே கோழியை அறுத்துக் கூறு போடும் வரிசையில் நிற்பவர்களின் விரல்கள் சில வருடத்தில் மடங்காமல் போகும். எங்கள் ஊரில் பாதிப் பெண்களின் கையைப் பார்த்தாலே தெரியும்.

வெர்லின் அவரைக்காய் வேக வைத்துக் காத்திருந்தான். அவள் பூட்ஸை வாசலில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். அவன் அதைப் பார்த்தபடி நின்றான்.

"எத்தனை மணிக்குப் போகணும்?" என்று கேட்டான்.

"விடியறதுக்கு முன்னாடி."

மறுநாள் அவன்தான் கொண்டுபோய் விட்டான். அவள் இறங்கியதும் அவன் வண்டியை உடனே எடுக்கவில்லையாம். வெகுநேரம் அங்கேயே நின்றதாக ஃபேக்டரி வாசல் காவலாளி பிறகு ஷெல்பியிடம் சொன்னான்.